செம்மரமும் சீன அரியணையும்

சேஷாசலம், வேலிகொண்டா முதலிய மலைகளை உள்ளடக்கிய கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலன்றி வேறெங்கும் இயற்கையாக வளராத செம்மரம், பிறந்த மண்ணில் சாயத்துக்கும் மருந்துக்கும் சிலை, பொம்மை செதுக்கவுமே பெரிதும் பயன்பட்டிருக்க, அதனை அரியணையாக்கியது சீனம். 'செஞ்சந்தனம்' என வழங்கினாலும் இது சந்தனத்துக்கு உறவன்று, வேங்கையின் இனம். சந்தன மணமும் இதற்கில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பியக் கம்பெனிகள் இதனைக் கப்பலேற்றியதும், வைரத்தில், அதாவது அடிமரத்தின் முற்றிய உட்பகுதியில், ஊறியிருக்கும் சாண்டலின் என்னும் சிவப்புச் சாயத்துக்காகவே.

சீனர் 'ஸிதான்' (ஊதாச் சந்தனம்) என்றழைத்தது எக்காலத்தும் இம்மரத்தையே என்று கொள்வதற்கில்லை. கி.பி. 756இல் ஜப்பானியப் பேரரசி கோமியோ நாராவிலுள்ள தோதாய்ஜி கோயிலுக்கு வழங்கிய பொருள்களுள், அப்பெயரால் பதிவான மரத்தில் கிளிஞ்சல் பதித்துச் செய்த ஐந்து நரம்புப் பிவா என்னும் இசைக்கருவி இன்றும் உள்ளது. மரப்பெயர்கள் வணிகர் வாயில் எளிதில் இடம்மாறுபவை ஆதலால், பெயரை மட்டும் கொண்டு மரத்தின் பிறப்பிடத்தை முடிவுசெய்ய இயலாது.

ஸிதான் தளவாடங்கள் உச்சம் தொட்டது 1735 முதல் 1796 வரை ஆண்ட சிங் மரபுப் பேரரசர் சியான்லோங் காலத்தில். வரைபடத்தையும் மாதிரியையும் அவரே பார்த்து ஒப்பிய பின்னரே அரண்மனைப் பட்டறையில் பல பொருள்களுக்கு உளி எடுக்கப்பட்டது. நீரில் மூழ்குமளவு கனமான இம்மரம், நெருங்கிய இழையமைப்பால் எத்திசையில் உளி ஓடினாலும் சிதறாமல், மேகத்தையும் டிராகனையும் ஆழச் செதுக்க இடங்கொடுத்தது. மெதுவாகவே பருத்து, முதிர்ந்தபின் பெரும்பாலும் நடுவில் பொந்துவிடும் இதிலிருந்து அகன்ற பலகை கிடைப்பது அரிது. எனவே ஆணியின்றி, ஒரு துண்டின் நாக்கை மற்றதன் குழியில் செருகும் பொருத்துகளால் சிறு துண்டுகளை இணைத்தும், மலிவான மரச் சட்டத்தின்மேல் மெல்லிய தகடாக ஒட்டியும் தச்சர் வேலை முடித்தனர். அப்பொருள்களின் அடர்ந்த அலங்காரத்தை அரச ஆடம்பரமாக மட்டும் காண்பது குறைப்பார்வை: செதுக்கலின் நெருக்கத்தில் இணைப்புக்கோடுகள் மறைந்துவிடுகின்றன.

இத்தளவாடங்களின் மதிப்பு நம் காலத்தில் மீண்டும் ஏறியபோது காட்டில் வெட்டும் பெருகியது. 1995இல் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் செம்மரம் சேர்க்கப்பட்டது. உயர்ந்த தளவாட மரங்கள் 33ஐ வரையறுத்துச் சீன அரசு 2000இல் வெளியிட்ட தரநிர்ணயமோ, ஸிதான் என்னும் வகுப்பில் ஆந்திர மலைகளின் இந்த ஒரு மரத்தை மட்டுமே வைத்தது.