தீயணைப்பு வண்டியும் திசை மாறாக் குரலும்

பூச்சோங் வட்டாரத்தின் பழைய முகத்தை அறிந்தோர் இன்று அருகி வருகின்றனர். ஈயச் சுரங்கங்களும் ரப்பர்த் தோட்டங்களும் சூழ்ந்திருந்த அம்மண்ணில், பொழுது புலருமுன்பே தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைக்கும் ஓசை எழும். லயத்து வீடுகளில் ஒவ்வொன்றாய் விளக்குகள் எரியத் தொடங்கும். அதே ஓசை வேளை தவறி எழுமாயின், தீயோ வெள்ளமோ வந்துற்றது என்று உணர்ந்து மக்கள் ஓடி வருவர். ஓர் ஓசைக்கு ஊரார் அனைவரும் ஒரே பொருள் கொண்டிருந்தமையே அதன் வலிமை எனலாம்.

இன்று அத்தோட்டங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. 1999ஆம் ஆண்டில் டாமன்சாரா-பூச்சோங் நெடுஞ்சாலையும், 2016ஆம் ஆண்டில் இலகு ரயிலும் வந்தன. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. ஆயினும் கைவிடப்பட்ட ஈயக் குட்டைகள் ஆங்காங்கே எஞ்சி நின்றன. 2018 அக்டோபர் 3ஆம் நாள், பூச்சோங், தாமான் புத்ரா பெர்டானாவில் அத்தகைய குட்டையொன்றில் மூழ்கிய இளைஞனைத் தேடி இறங்கிய தீயணைப்பு மீட்புப் படையினர் அறுவர், நீரின் வேகத்தில் சிக்கி உயிர் நீத்தனர். 2025 ஏப்ரல் 1ஆம் நாள் காலை, அண்டையிலுள்ள புத்ரா ஹைட்சில் நிலத்தடி எரிவாயுக் குழாய் வெடித்து எழுந்த பெருந்தீயில் நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். பல நிலையங்களைச் சேர்ந்த வீரர்கள் அன்று பிற்பகல் வரை அத்தீயோடு போராடினர்.

இத்தகைய வேளைகளில் இடருக்குள் நிற்பவனுக்கும், வெளியே நின்று கட்டளையிடுபவனுக்கும் இடையே உள்ள பாலம் குரல் ஒன்றே. அக்குரலைச் சுமப்பது இருவழி வானொலி. தீயணைப்பு வண்டியின் ஏணியையும் நீர்க்குழாயையும் வியந்து நோக்கும் கண்கள், ஓட்டுநர் அருகே பொருத்தப்பட்ட அச்சிறு பெட்டியைக் காண்பதில்லை. வண்டி பழையதாகிக் கைமாறும்போதோ, அப்பெட்டியைப் பற்றி எண்ணுவோர் இன்னும் சிலரே. அதன் வரலாற்றை அறிவது பயனுடையதாகும்.

தன்னார்வலரும் தொடக்க காலமும்

கோலாலம்பூரில் தீயணைப்புப் பணி தன்னார்வலர்களாலேயே தொடங்கப்பட்டது. 1881ஆம் ஆண்டுத் தீயில் அத்தாப்புக் கூரை வேய்ந்த நகரம் வெந்து கரிந்தது. அடுத்த ஈராண்டில், அதாவது 1883இல், எச். எப். பெல்லமி என்பாரின் தலைமையில் பதினைந்து பேர் கொண்ட சிலாங்கூர் தன்னார்வத் தீயணைப்புப் படை உருவாயிற்று. அந்நாளில் மணியோசையும் மனிதக் குரலுமே செய்தி சொல்லும் கருவிகள். படை நிலையத்தை விட்டுப் புறப்பட்டால், அது திரும்பி வரும்வரை நிலையத்தார்க்கு நிகழ்ந்தது எதுவும் தெரியாது.

இக்குறையை நீக்கும் முயற்சி பிற நாடுகளில் முதலில் காவல் துறையில் நடந்தது. 1928இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் காவல் துறை, ஓடும் வண்டிகளுக்கு வானொலி வழியே செய்தி அனுப்பியது. ஆனால் வண்டியிலிருப்போர் கேட்க முடியுமேயன்றி மறுமொழி கூற இயலாது. 1933இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் பேயோன் நகரில் இருவழிப் பேச்சு கைகூடிற்று. 1940இல் கனெக்டிகட் மாநிலக் காவல் துறை பண்பலை முறையைக் கையாண்டபோது, இரைச்சல் குறைந்து சொல் தெளிவாயிற்று. இரண்டாம் உலகப் போர் இக்கருவிகளைச் சிறிதாக்கியது. போர் முடிந்தபின் அவை காவல், தீயணைப்பு, மருத்துவ வண்டிகளில் பரவலாக இடம்பெற்றன.

படிகத்தின் காலம்

அக்காலத்து வானொலிப் பெட்டியின் உயிர் ஒரு சிறு கல்லில் இருந்தது. குவார்ட்ஸ் என்னும் படிகத்தை மெல்லிய தகடாக அறுத்து மின்னூட்டம் செய்தால், அது தன் தடிமனுக்கேற்ற ஒரே வேகத்தில் அதிர்கிறது. இப்பண்பின் அடிப்படையை 1880இல் பிரெஞ்சு நாட்டு அறிஞர்களான கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். அந்த அதிர்வே வானொலி எந்த அலைவரிசையில் பேச வேண்டும், எதில் கேட்க வேண்டும் என்பதை வரையறுத்தது. அனுப்புவதற்கு ஒன்று, பெறுவதற்கு ஒன்று என ஒவ்வோர் அலைவரிசைக்கும் தனித்தனிப் படிகங்கள் தேவைப்பட்டன.

ஆகவே, அலைவரிசையை மாற்றுவது அன்று கைவினைஞனின் வேலையாக இருந்தது. புதிய அளவுக்கு அறுக்கப்பட்ட படிகத்தை வரவழைக்க வேண்டும். பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்த வேண்டும். பின்னர்க் கருவிக்குள் இருக்கும் சுருள்களைச் சிறு திருகியால் திருகி அதற்கு இசைவாக்க வேண்டும். வீணையின் நரம்பை முறுக்கிச் சுருதி கூட்டுவதை ஒத்த பணி இது.

எண்களின் காலம்

1970களிலும் 1980களிலும் மின்னணுவியல் இந்நிலையை மாற்றிற்று. ஒரே படிகத்தின் அதிர்வை அடிப்படையாக வைத்து, எண்களால் பெருக்கியும் வகுத்தும் வேண்டிய அலைவரிசைகளைப் படைக்கும் சுற்றுகள் வந்தன. அவ்வெண்கள் கருவியின் நினைவுச் சில்லில் எழுதப்பட்டன. தொடக்கத்தில் ஒருமுறை எழுதினால் மாற்றவியலாத சில்லுகளே மிகுதி. பின்னர், மின்சாரத்தாலேயே அழித்து எழுதத்தக்க சில்லுகள் பரவின. கல்லில் இருந்த முகவரி எண்ணுக்கு இடம் மாறியது. அவ்வெண்களைக் கணினி வழியாக மாற்றி எழுதுவதையே மறுநிரலாக்கம் என்கிறோம்.

மலேசியாவும் இத்தொழிலுக்குப் புறம்பாக நின்றதன்று. மோட்டோரோலா நிறுவனம் 1974இல் பினாங்கில் காலூன்றியது. உலகின் பல நாடுகளில் ஒலிக்கும் இருவழி வானொலிகள் பல அத்தீவில் உருப்பெற்றவையாகும்.

கைமாறிய வண்டி

தீயணைப்பு வண்டி நெடுங்காலம் உழைக்கும். பெரிய படைகள் புதிய வண்டி வாங்கும்போது, பழையது தன்னார்வப் படைக்கோ தொழிற்சாலைக்கோ வேறு நாட்டுக்கோ போய்ச் சேர்வதுண்டு. ஜப்பானில் பணி முடித்த தீயணைப்பு வண்டிகள் தென்கிழக்காசிய நாடுகளுக்கு நன்கொடையாக வந்துள்ளன. இயந்திரத்தைப் பழுது பார்த்து, நிறம் தீட்டி, கதவில் புதிய பெயர் எழுதிவிடுகின்றனர். ஆனால் உள்ளே இருக்கும் வானொலியோ இன்னும் பழைய ஊரையே அழைத்துக்கொண்டிருக்கும்.

அதனை மாற்ற முனையும் தொழில்நுட்பர் முதலில் பெட்டியின் பின்புறம் உள்ள வகை எண்ணைப் படிப்பார். ஒவ்வொரு பெட்டிக்கும் இயற்கையான எல்லை உண்டு. 30 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளுக்கென அமைந்த கருவியை எத்தனை முறை எழுதினாலும் 150 மெகாஹெர்ட்சில் பேசவைக்க இயலாது. எல்லை பொருந்துமாயின், இணைப்புப் பெட்டி ஒன்றின் வழியாக அதனைக் கணினியோடு சேர்ப்பர். உள்ளே இருப்பதை முதலில் படித்து ஒரு படி எடுத்து வைத்துக்கொள்வது முறை. பிழை நேரின் மீட்க அதுவே துணை. 1980களின் பிற்பகுதியில் வந்த கருவிகள் சிலவற்றுக்கான கட்டளைத் தொகுப்பு, அக்காலத்து மெதுவான கணினியின் வேகத்தையே அளவுகோலாகக் கொண்டது. விரைவான புதிய கணினியில் அது தடுமாறும். இதனால், பழைய வானொலிக்காகப் பழைய கணினியையும் பேணிக் காப்போர் உளர்.

பின்னர்ப் புதிய எண்களை எழுதுவர். அலைவரிசை மட்டும் போதாது. ஒரே அலைவரிசையைப் பலர் பகிர்ந்துகொள்ளும் இடங்களில், காதுக்கு எட்டாத தாழ்ந்த தொனி ஒன்று குரலோடு சேர்ந்து செல்லும். அத்தொனி பொருந்தினாலன்றி எதிர்ப்புறத்துப் பெட்டி வாய் திறக்காது. தொலைவுக்குக் குரலைக் கொண்டு செல்லும் மறு ஒலிபரப்பி நிலையம் இருப்பின், அதற்குரிய அனுப்பும் எண் வேறு, பெறும் எண் வேறு. அலையின் அகலமும் ஒத்திருக்க வேண்டும். முன்பு 25 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் இயங்கிய பல நாட்டுப் பணிகள், நெரிசலின் காரணமாக 12.5 கிலோஹெர்ட்சுக்குச் சுருங்கின. அமெரிக்காவில் இது 2013 தொடக்கம் கட்டாயமாயிற்று. இறுதியாக, கூரை மேலுள்ள ஏரியல் கம்பியின் நீளமும் புதிய அலைக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். 150 மெகாஹெர்ட்சுக்கு அது ஏறத்தாழ அரை மீட்டர்.

பழைய அலைவரிசைகளை அழிப்பதும் இப்பணியின் ஒரு கூறாகும். வண்டியின் முன்னாள் உரிமையாளருடைய அலைவரிசை வேறு எவருக்கேனும் இன்று உரியதாய் இருக்கலாம். அறியாமல் பொத்தானை அழுத்துபவன் பிறிதொருவரின் அவசர அழைப்பை அடைத்துவிடக்கூடும். மலேசியாவில் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்படி, உரிய ஒதுக்கீடின்றி அலைவரிசையைப் பயன்படுத்துதல் குற்றமாகும். வண்டியை வாங்கியவர் அதனோடு அலைவரிசையையும் வாங்கியவராகார்.

நியூயார்க் தந்த பாடம்

இவை சிறு நுணுக்கங்கள் என்று எண்ணுவோர்க்கு நியூயார்க் நகரம் மறக்கவியலாத பாடத்தை விட்டுச் சென்றது. 1993இல் உலக வணிக மையம் குண்டுவெடிப்புக்கு உள்ளானபோதே, உயர்ந்த கட்டடத்தில் தீயணைப்பு வீரர்களின் வானொலிகள் சரிவர இயங்கவில்லை. அதன்பின் அங்கு மறு ஒலிபரப்பி ஒன்று பொருத்தப்பட்டது. 2001 மார்ச்சில் அந்நகரப் படை புதிய இலக்கமுறைக் கருவிகளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. தீப்பிடித்த வீடொன்றின் நிலவறையில் சிக்கிய வீரர் எழுப்பிய அபயக் குரல் உடனிருந்தோரை எட்டாமற்போகவே, அவை விரைவில் திரும்பப் பெறப்பட்டன. பழைய கருவிகளே மீண்டும் கைக்கு வந்தன.

அவ்வாண்டு செப்டம்பர் 11ஆம் நாள் காலை, மறு ஒலிபரப்பியை இயக்கத் தேவையான இரு பொத்தான்களுள் இரண்டாவது அழுத்தப்படவில்லை. அது பழுதுற்றது என்றே வட கோபுரத்துத் தலைவர்கள் கருதினர். தென் கோபுரம் சரிந்தபின் வெளியேறுமாறு விடுக்கப்பட்ட ஆணை, வட கோபுரத்தில் ஏறிக்கொண்டிருந்த வீரர் பலரின் செவிக்கு எட்டவில்லை. அன்று உயிர் துறந்த தீயணைப்பு வீரர்கள் 343 பேர். அவர்கள் அனைவரையும் வானொலி காத்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் சிலரேனும் கீழே இறங்க நேரம் இருந்தது. பின்னாளில், ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த அப்புதிய கருவிகள் பழைய ஒப்புமை முறையில் பேசுமாறு மறுநிரலாக்கம் செய்யப்பட்டு வீரர்களுக்கு வழங்கப்பட்டன. அதே பெட்டிதான், எழுதப்பட்டிருந்த எண்களும் முறையும் மட்டுமே மாறின.

ஒரே வலையில் பல குரல்கள்

மலேசியாவில் மாநிலங்களின் பொறுப்பில் இருந்த தீயணைப்புப் பணி 1976 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் கீழ் ஒன்றாயிற்று. 1997இல் அது தீயணைப்பு மீட்புத் துறை என்று பெயர் பெற்றது. 2007இல் பல்வேறு அவசர எண்கள் 999 என்னும் ஒரே எண்ணின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. காவல், தீயணைப்பு, மருத்துவம் ஆகிய துறைகள் ஒரே வலையில் பேசுவதற்காக டெட்ரா என்னும் இலக்கமுறை அமைப்பில் அரசாங்க ஒருங்கிணைந்த வானொலி வலையம் ஏற்படுத்தப்பட்டது.

இங்கும் பழைய வண்டிக்கு ஒரு சிக்கல் உண்டு. ஒப்புமை முறையில் பிறந்த பெட்டியை எண்களை மாற்றி எழுதி டெட்ரா வலைக்குள் நுழைக்க முடியாது. இரு முறைகளையும் இணைக்கும் இடைக்கருவி வேண்டும். அல்லது அவ்வலையைச் சேர்ந்த கருவியைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் உடன் நிற்க வேண்டும். ஆதலின், பழைய வண்டியோடு களமிறங்கும் படை எதுவாயினும், தன் குரல் யாரை எட்டும், யாரை எட்டாது என்பதைத் தீ எழும் முன்பே அறிந்திருத்தல் கடமை. வாரந்தோறும் ஒருமுறை அழைத்துப் பார்ப்பதற்குச் செலவு எதுவுமில்லை. அழைத்துப் பாராமல் விட்டதன் செலவை நியூயார்க் காட்டியது.

பெரட்டு ஓசைக்கு விழித்த தோட்டத்து மக்களிடம் படிகமும் இல்லை, சில்லும் இல்லை. இருந்தும் அவ்வோசையின் பொருளில் எவர்க்கும் ஐயம் இருந்ததில்லை. புதிதாகக் குடிவந்தவனுக்கும் அண்டை வீட்டார் முதல் நாளே அதனைச் சொல்லிக் கொடுத்தனர். கைமாறி வந்த தீயணைப்பு வண்டியும் ஊருக்குப் புதிதாகக் குடிவந்ததே. அதற்கு ஊரின் ஓசையைச் சொல்லிக் கொடுப்பதே மறுநிரலாக்கம். கதவில் பெயர் எழுதும் நாளிலேயே அதுவும் செய்யப்பட வேண்டும்.