காலிமுகத் திடலும் கொழும்புக் குழந்தைகளும்

கொழும்பு நகரில் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம்? பள்ளி விடுமுறை வந்தால் வீட்டுக்கு வீடு எழும் கேள்வி இது. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ உறவினர் வந்து இறங்கினாலும் இதே கேள்விதான். பல தலைமுறைகளாக விடையும் பெரிதாக மாறியதில்லை. காலிமுகத் திடல், கறுவாத்தோட்டத்து நூதனசாலை, அதற்கு அண்மையிலுள்ள விகாரமகாதேவி பூங்கா, தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை. இந்த நான்கையும் பார்த்து முடித்தால் கொழும்பைப் பார்த்தாயிற்று என்பது நம்மவர் கணக்கு.

நேயர்களே, இந்த நான்கு இடங்களின் வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும. இவற்றுள் எதுவும் நமது பிள்ளைகளை மனத்திற்கொண்டு உருவாக்கப்பட்டதன்று. பிள்ளைகள் பின்னர் வந்து தமதாக்கிக்கொண்டவை இவை.

முதலில் காலிமுகத் திடலை எடுத்துக்கொள்வோம். கோட்டையின் தென்புறத்தில், காலிக்குச் செல்லும் பாதையை நோக்கியிருந்த வெளி இது. ஒல்லாந்தர் காலத்தில் பீரங்கிகளின் குறிக்குத் தடை இல்லாதிருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த நிலம் வெறுமையாக வைக்கப்பட்டது. பகைவன் நெருங்கினால் சுட்டு வீழ்த்துவதற்கான வெளி. பின்னர் ஆங்கிலேயர் வந்தார்கள். அவர்கள் இங்கே குதிரைப் பந்தயம் நடத்தினார்கள்.

1855 முதல் 1860 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்தவர் சேர் ஹென்றி வார்ட். இலங்கையின் முதல் ரயில் பாதைக்கு 1858இல் முதல் மண்ணை வெட்டியவரும் இவரே. கடலோரமாக உலாவுவதற்கு ஒரு பாதை வேண்டும் என்று இவர் விரும்பினார். வேலை 1856இல் தொடங்கி 1859இல் முடிந்தது. முடிந்ததும் அங்கே ஒரு கல்லை நாட்டினார். கொழும்பின் சீமாட்டிகளினதும் குழந்தைகளினதும் நலன் கருதி, இந்த நடைபாதையைத் தமக்குப் பின் வருவோரின் கவனத்திற்குப் பரிந்துரைப்பதாக அக்கல் ஆங்கிலத்தில் கூறுகிறது.

ஆட்சியாளர் தம் வெற்றியையும் பட்டங்களையும் கல்லில் பொறிப்பது உலக வழக்கம். ஒரு தேசாதிபதி தமக்குப் பின் வருவோரிடம் குழந்தைகளின் பெயரால் ஒரு வேண்டுகோளை விட்டுச் செல்வது அபூர்வம். ஆனால் கல் சொன்ன குழந்தைகள் யாருடைய குழந்தைகள் என்பதையும் நாம் கேட்கத்தான் வேண்டும். மாலை வேளையில் குதிரை வண்டியில் காற்று வாங்க வந்த வெள்ளைக்காரச் சீமாட்டிகளும், ஆயாமாரின் கையைப் பிடித்து நடந்த அவர்களது பிள்ளைகளுமே அவரது மனக்கண்ணில் நின்றிருப்பார்கள். அந்த ஆயாவின் சொந்தப் பிள்ளை அவ்வேளையில் எங்கே விளையாடியது என்பது கல்லுக்குத் தெரியாது. வார்ட் 1860இல் சென்னையின் ஆளுநராக மாற்றம் பெற்றுச் சென்றார். சென்ற சில வாரங்களிலேயே வாந்திபேதி கண்டு இறந்தார்.

அவர் போன பின் திடலின் கதை வேறாகியது. கோட்டையின் மதில்கள் 1870ஆம் ஆண்டை ஒட்டி இடிக்கப்பட்டன. குதிரைப் பந்தயம் 1893இல் கறுவாத்தோட்டத்துக்கு இடம்பெயர்ந்தது. சீமாட்டிகளும் போனார்கள். கொம்பனித்தெருவிலிருந்தும் மருதானையிலிருந்தும் புறக்கோட்டையிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். பட்டம் வந்தது, கடலை வந்தது, இறால் வடை வந்தது. இதற்கென ஒரு சட்டம் இயற்றப்படவில்லை, விழாவும் நடைபெறவில்லை. பீரங்கிக்கென ஒதுக்கிய வெளி பட்டத்துக்கு உரியதாயிற்று. காற்றுக்குக் கட்டணம் இல்லை என்பதே இதற்குக் காரணம் எனலாம்.

மற்ற மூன்று இடங்களையும் சுருக்கமாகப் பார்ப்போம். நூதனசாலை 1877 ஜனவரி முதலாந் திகதி திறக்கப்பட்டது. அதை நிறுவிய தேசாதிபதி சேர் வில்லியம் கிரெகரியை இலக்கிய அன்பர்கள் வேறொரு வகையிலும் அறிவார்கள். கவிஞர் யேட்சுடன் சேர்ந்து அயர்லாந்தின் அபே நாடக அரங்கை நிறுவிய லேடி கிரெகரி, இவர் 1880இல் மணந்த மனைவி. கட்டடத்தைக் கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரைக்கார் என்ற நம் நாட்டு முஸ்லிம் ஒப்பந்தகாரர். என்ன பரிசு வேண்டும் என்று கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடவேண்டும் என்று மட்டுமே அவர் கேட்டதாகச் சொல்வார்கள். நீண்ட காலம் வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறையாகவே இருந்தது.

கண்டி மன்னரின் சிம்மாசனம் அங்கேதான் இருக்கிறது. 1815இன் பின் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டு 1934இல் திரும்பி வந்தது அது. தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டிய இன்னொரு பொருளும் உண்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த, 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல்லில் சீனமும் பாரசீகமும் தமிழும் உள்ளன. வார்டின் கல்லுக்கு ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், தூரதேசத்திலிருந்து வந்தவன்கூட இந்தத் தீவில் தமிழில் பேசவேண்டும் என்று நினைத்திருக்கிறான்.

இன்றைய விகாரமகாதேவி பூங்கா முன்னர் விக்டோரியா மகாராணியின் பெயரைத் தாங்கியிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது படையினர் முகாமிட்டிருந்த அந்நிலம், மீண்டும் சீர்செய்யப்பட்டு 1951இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையின் மூலமோ மிருக வியாபாரம். ஜேர்மனியரான ஜோன் ஹாகன்பெக், ஐரோப்பாவுக்கு அனுப்பவேண்டிய விலங்குகளை வைத்திருந்த இடம் அது. 1880களில் ஹாகன்பெக் குடும்பத்தார் யானைகளை மட்டுமன்றி, இலங்கை மனிதர்களையும் ஐரோப்பிய நகரங்களுக்குக் கொண்டுசென்று காட்சிப்பொருளாக்கினர் என்பதையும் மறந்துவிடலாகாது. நிறுவனம் நொடித்தபின் 1936இல் அரசு அதைப் பொறுப்பேற்றது.

மீண்டும் திடலுக்கு வருவோம். பிள்ளைகள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள் என்றேன். அந்த உரிமை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரிக் கிட்டவில்லை. 1956 யூன் 5ஆம் திகதி, தனிச் சிங்களச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்த நாளில், எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் இங்கேதான் சத்தியாக்கிரகம் இருந்தனர், இங்கேதான் அடிபட்டனர். திடலின் வட அந்தத்தில் பாராளுமன்றம் பார்த்துக்கொண்டிருந்தது. 1958 வந்தது, 1983 வந்தது, நீண்ட போர் வந்தது. அவ்வாண்டுகளிலும் தமிழ்த் தாய்மார் பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்து வந்தார்கள். "சத்தமாய்த் தமிழ் கதைக்காதே" என்று காதோடு சொல்லிக் கையைப் பிடித்து நடந்தவர்கள் பலர். பட்டம் எல்லோருடையதும் ஒரே வானத்தில்தான் பறந்தது. கீழே நின்று நூலைப் பிடித்தவர்களின் குரல்தான் வேறுபட்டது.

2022 ஏப்ரல் 9ஆம் திகதி தொடங்கி, பொருளாதார நெருக்கடியில் தவித்த மக்கள் அதே திடலில் கூடாரமடித்தனர். அங்கே ஒரு நூலகமும் முளைத்தது. பெற்றோர் பிள்ளைகளைத் தோளில் சுமந்து வந்தனர். அவ்வாண்டு யூலை 22 அதிகாலையில் படையினர் புகுந்து கூடாரங்களைப் பிடுங்கினர். புல்வெளி மீண்டும் பட்டம் விடுவோருக்கு வந்து சேர்ந்தது.

இதற்கிடையில் திடலைச் சுற்றியுள்ள காட்சி மாறிவிட்டது. 2014இல் தொடங்கிய துறைமுக நகர வேலை 269 ஹெக்டேயர் கடலை நிலமாக்கியது. 2019இல் திடலுக்கு எதிரே பெரிய வணிக வளாகம் ஒன்று திறக்கப்பட்டது. குளிரூட்டிய கூடங்களில் பிள்ளைகளை மகிழ்விக்க இன்று வழிகள் பல உண்டு. அவற்றைக் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் அங்கே மகிழ்ச்சிக்கு விலைச்சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. ஐந்து பிள்ளைகளை வைத்திருக்கும் ஒரு கூலித் தொழிலாளி, பையில் பஸ் காசு மட்டும் இருக்கும் நாளில், தயங்காமல் குடும்பத்தோடு போய் இருக்கக்கூடிய இடம் இந்தப் பெருநகரில் எத்தனை எஞ்சியிருக்கிறது?

வார்ட் தமக்குப் பின் வருவோர் என்று எழுதியபோது வெள்ளைக்காரத் தேசாதிபதிகளையே நினைத்திருப்பார். அந்த வரிசை 1948உடன் மாறிப்போயிற்று. அந்தப் பொறுப்பு இப்போது மாநகரசபையிடமும் அமைச்சுகளிடமும், வாக்களித்து அவற்றை அமர்த்தும் நம்மிடமும் இருக்கிறது. அவர் எண்ணிப்பார்க்காத பிள்ளைகளையும் சேர்த்தே அந்த வேண்டுகோளை நாம் படிக்கவேண்டும். ஆயாவின் பிள்ளை அதில் அடங்கும். காதோடு பேசப் பழக்கப்பட்ட பிள்ளையும் அதில் அடங்கும்.