குடியில்லாத் தீவில் கோடி அற்புதர்



ஓய்வெடுக்கத் தனிமையான இடத்திற்குப் போகலாம் என்று இயேசு தம் சீடர்களை அழைத்ததை மாற்கு நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவர்கள் படகேறிப் போனார்கள். ஆனால் கரையில் அவர்களுக்காகக் காத்திருந்தது தனிமை அல்ல, மக்கள் கூட்டம். ஆளில்லாத இடம் அன்று ஐயாயிரம் பேர் பசியாறிய இடமாயிற்று. நம் கடலிலும் அப்படி ஓர் இடம் உண்டு. அதுதான் கச்சத்தீவு.

பாக் நீரிணையில், இராமேசுவரத்திலிருந்து சுமார் 33 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது இந்தத் தீவு. பரப்பு 285 ஏக்கர். குடிநீர் கிடையாது, அதனால் ஊரும் கிடையாது. ஒரு காலத்தில் இது இராமநாதபுரம் சேதுபதிகளின் ஜமீனைச் சேர்ந்திருந்தது. இருகரை மீனவர்களும் வலை உலர்த்தவும், களைப்பாறவும், காற்று திரும்பும்வரை ஒதுங்கவும் இங்கே இறங்கினார்கள்.

அப்படி இறங்கியவர்கள் எழுப்பியதுதான் புனித அந்தோனியார் கோவில். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனிக்குப்பன் படையாச்சி என்பவர் இதைக் கட்டினார் என்பது கடலோர ஊர்களில் வழங்கிவரும் செய்தி. கடலோடிகள் அந்தோனியாரை நாடியது பொருத்தமே. மறைப்பணிக்காக மொராக்கோ சென்று, நோயுற்றுத் திரும்பிய அவருடைய கப்பலைப் புயல் அடித்துச் சென்று சிசிலித் தீவில் ஒதுக்கியது. நினைத்த கரைக்குப் போய்ச் சேராதவர் அவர். 1231-இல் இறந்த அவரை மறு ஆண்டே திருச்சபை புனிதராக அறிவித்தது.

1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, எல்லைக்கோடு தீவுக்கு மேற்கே போடப்பட்டது. கச்சத்தீவு இலங்கையின் பக்கம் சேர்ந்தது. ஆயினும் அந்த ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவைக் கவனியுங்கள். இந்திய மீனவர்களும் திருப்பயணிகளும் முன்போலவே தீவுக்கு வந்துபோகலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை என்கிறது அது. இரண்டு அரசுகள் கடலைப் பங்கிட்டபோதும், ஒரு சிறு கோவிலின் வழியை அடைக்கவில்லை.

திருவிழா பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும். இராமேசுவரத்திலிருந்து முன்பதிவு செய்தவர்கள், சோதனை முடிந்து விசைப்படகுகளில் புறப்படுவார்கள். யாழ்ப்பாணம், நெடுந்தீவுப் பக்கமிருந்தும் படகுகள் வரும். சிங்களச் சகோதரர்களும் வருகிறார்கள். மாலையில் கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர்ப்பவனி. இரவு மணலிலேயே படுக்கை. விடிந்ததும் திருவிழாத் திருப்பலி. நண்பகலுக்குள் படகுகள் திரும்பத் தொடங்கிவிடும். பிறகு மறுபடியும் அலையோசைதான்.

அந்தக் குறுகிய நேரத்தில் என்னவெல்லாம் நடந்திருக்கின்றன! இக்கரைச் சரக்கும் அக்கரைச் சரக்கும் கைமாறின. இருகரை உறவுகள் நலம் விசாரித்துக்கொண்டன. போர்க்காலத்தில் அந்தச் சந்திப்பு நின்றுபோனது. போர் ஓய்ந்தபின் மக்கள் மீண்டும் வந்தார்கள். பழைய கோவிலுக்கு அருகே எழுந்த புதிய ஆலயம் 2016 டிசம்பரில் அர்ச்சிக்கப்பட்டது.

ஆனால் காயம் ஆறிவிடவில்லை. 1976-இல் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, கோட்டைத் தாண்டி மீன்பிடிக்க யாருக்கும் உரிமையில்லை. தாண்டிப் போகும் இராமேசுவரத்து மீனவர் கைதாகிறார், படகை இழக்கிறார். அவருடைய மனைவி சிறைச் செய்திக்காகக் காத்திருக்கிறார். மறுபுறம், போரில் எல்லாம் இழந்து மீண்டும் கடலுக்கு வந்த யாழ்ப்பாண மீனவரின் வலையை, இக்கரை இழுவைப்படகு அறுத்துப்போகிறது. அவர் வீட்டிலும் அன்று அடுப்பு எரிவதில்லை. 2024-இல் கைதுகளைக் கண்டித்து இராமேசுவரத்து மீனவர்கள் திருவிழாவுக்கே போகாமல் இருந்தார்கள். நேர்ச்சை வைத்திருந்தவர்களும் கரையிலேயே நின்றார்கள்.

அன்புக்குரியவர்களே, ஒரே பீடத்தில் ஒரே அப்பத்தை உண்டவர்கள், மறுநாள் கடலில் ஒருவரையொருவர் எப்படிப் பார்க்கப்போகிறார்கள்? கச்சத்தீவு ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி இது. தண்ணீரில்லாத அந்தத் தீவுக்குப் போகிறவர்கள் குடிநீரைக் கையோடு கொண்டுபோகிறார்கள். பக்கத்தில் படுத்திருப்பவர் எந்தக் கரைக்காரர் என்று விசாரித்தா தண்ணீர் தருகிறோம்? தாகம் என்றால் தருகிறோம். அந்த ஒரு குவளையளவு பரிவு பேச்சுவார்த்தை மேசைக்கும் நடுக்கடலுக்கும் வந்து சேரட்டும். இருகரை மீனவக் குடும்பங்களுக்காகவும் இந்த வாரம் நம் இல்லங்களில் செபிப்போம்.