கட்டுக்கரையும் அதன் பல எசமானர்களும்: மன்னார் நீர்நிலைகளின் அரச நிர்வாக வரலாறு, 1856 முதல் இன்றுவரை

மன்னார்த் தீவில் ஆறு கிடையாது. மாரியில் நிரம்பிக் கோடையில் வற்றும் கோரைக்குளம் போன்ற சில தாழ்நிலங்களும், மணலுக்குள் உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக நிற்கும் மழைநீருமே தீவின் சொந்த நன்னீர். கண்டிக்கும் அநுராதபுரத்துக்கும் நகர்நடுவே குளம் உண்டு. கொழும்புக்குப் பேரை வாவி உண்டு. மன்னார் நகரத்தின் குளம் எது என்று கேட்டால் பாலத்தைக் கடந்து பெருநிலத்துக்குத்தான் போகவேண்டும். நகரத்துக் குழாய்களுக்கு நீர் தருபவை முருங்கன் பகுதிக் கிணறுகள். ஆசிய அபிவிருத்தி வங்கி 2008இல் அங்கீகரித்த உலர்வலய நகர நீர்வழங்கல் திட்டத்தில் வவுனியா, புத்தளம், சிலாபம் ஆகியவற்றோடு மன்னாரும் சேர்க்கப்பட்டபோதும் நிலத்தடி நீரையே நம்ப வேண்டியிருந்தது. அந்தக் கிணறுகள் பெருநிலத்திலுள்ள கட்டுக்கரைக்குளத்தின் கீழ்நிலத்தில் இருக்கின்றன. குளத்தின் கசிவும் அதன் வாய்க்கால்கள் நனைக்கும் வயல்களும் சுண்ணக்கல் படிவுக்குள் நீரை இறக்குகின்றன என்று கொள்வதே நியாயம். ஆகவே நகரம் குடிக்கும் நீரின் வரலாற்றை எழுத முனைபவர் நகரசபையின் பதிவேட்டை விட்டு, நெல்வயலுக்கென்று கட்டப்பட்ட ஒரு குளத்தின் வரலாற்றைத்தான் எழுத நேர்கிறது. அந்த வரலாற்றில் அரசின் அலட்சியத்தைவிட, நீரைப் பயனுக்கொன்றாகக் கூறுபோட்டு ஆளும் முறையே பெரிய சிக்கலாகத் தெரிகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய அந்த முறைக்குள்தான் 20ஆம் நூற்றாண்டின் இயற்கைப் பாதுகாப்பும் இன்னொரு கூறாக வந்து சேர்ந்தது.

பழைய காலத்தை இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். சூளவம்சம் தாதுசேனன் கட்டியதாகவும், பின்னர் முதலாம் பராக்கிரமபாகு திருத்தியதாகவும் கூறும் மானாமத்த வாவியே கட்டுக்கரை என்று ஆய்வாளர் அடையாளம் காண்கின்றனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் 2016இல் நடந்த அகழ்வாய்வு, குளத்தையொட்டி நெடுங்காலக் குடியிருப்பு இருந்ததைக் காட்டியது. ஐயனார் வழிபாட்டோடு தொடர்புபடுத்தப்படும் சுடுமண் உருவங்களும் கிடைத்தன. குளக்கட்டில் ஐயனாரை இருத்துவது வன்னியில் இன்றும் மாறாத வழக்கம். மேற்கே மாதோட்டம் என்ற துறைமுக நகர் இருந்தது. சுந்தரர் தம் பதிகத்தில் திருக்கேதீச்சரத்தைப் பாலாவியின் கரையில் வைத்துப் பாடுகிறார். நகர், கோயில், தீர்த்தம், நெல்வயல், ஆறு எல்லாம் ஒரே நீர்த்தொடரில் இருந்தன என்பது வரை சான்று உண்டு. அதற்கு மேல் போய், அக்காலத்தில் எல்லாம் ஊர்ச்சபையின் இசைவில் நடந்தன என்று சொல்லச் சான்று போதாது. இத்தனை பெரிய அணையும் கட்டும் அரச ஆணையின்றி எழுந்திருக்க முடியாது.

குடியேற்ற ஆட்சியின் கதை ஒரு தவறான கணிப்பில் தொடங்குகிறது. 1859இல் வெளிவந்த தம் இலங்கை நூலில் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், கட்டுக்கரை ஒருபோதும் பயன்பட்டிராத குளம் என்றே கருதினார். குளத்துக்கு நீரூட்டும் அருவியாற்றிலிருந்து நீர் கொண்டுவர வெட்டிய கால்வாயின் மட்டம் பிழைத்துவிட்டது, அதனால் பண்டைய பொறியாளரின் உழைப்பு வீணானது என்பது அவர் முடிவு. நீர்ப்பாசனப் பொறியாளராக இப்பகுதியில் பணிசெய்த ஹென்றி பார்க்கர் களத்தில் அளந்து பார்த்து இதை மறுத்தார். ஆற்றின் குறுக்கே தேக்கம் என்னுமிடத்தில் கல்லணை நின்றது. அங்கிருந்து நீர் குளத்துக்கு வரக்கூடிய மட்டத்திலேயே கால்வாய் போனது. டெனன்டின் பிழை தற்செயலானதல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. உடைந்த குளம் ஒன்றைப் பார்த்தவர் பராமரிப்பு நின்றதால் உடைந்ததா என்று கேட்கவில்லை, கட்டியவருக்குக் கணக்குத் தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டார். பார்க்கரின் அளவீடு அந்த ஏளனத்தைத் துடைத்தது. ஆனால் அளந்தவர் கண்ணிலும் குளம் இத்தனை ஏக்கருக்கு இத்தனை நீர் என்ற கணக்காகவே நின்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளில் குளம் புனரமைக்கப்பட்டு மீண்டும் நீர் கொண்டபோது, அதன் பெறுமதி நெல்லாலும் காணி வருமானத்தாலும் அளக்கப்பட்டது.

சட்டம் இதற்கு முன்பே வழி திறந்திருந்தது. ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்து 1856ஆம் ஆண்டு நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டம் பழைய நீர் வழக்கங்களை மீட்பதாகச் சொல்லிக்கொண்டது. வயற்காரர் கூடித் தீர்மானிப்பதும், வட்டவிதானை நீரைப் பங்கிட்டு வாய்க்கால் திருத்த ஆள் திரட்டுவதும் அதனால் சட்டத்தின் பலம் பெற்றன. நல்ல காரியம்தான். எனினும் ‘வழக்கம்’ என்று அது ஏற்றது வயலுக்குரியவரின் வழக்கத்தை. அலைகரையில் நீர் வடிந்ததும் மாடு மேய்த்தவர், குளத்தில் மீன் பிடித்தவர், கீழே தரவையில் நன்னீர் வடிவதை நம்பியிருந்தவர் அந்தக் கூட்டத்தில் இல்லை. 1900ஆம் ஆண்டு மே மாதம் நீர்ப்பாசனத் திணைக்களம் தனியாக அமைந்தபோது இந்த வரையறை ஒரு நிறுவனமாகவே இறுகியது. துருசைத் திறப்பதும் அடைப்பதும் திணைக்களத்தின் வேலை. வான் பாய்ந்து போன நீர் எங்கே சேர்ந்தது, அங்கே என்ன வாழ்ந்தது என்பது எவருடைய வேலையுமல்ல.

சுதந்திரத்துக்குப் பின் குளத்தின் எசமானர் தொகை கூடியது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தின் கீழ் 1954 செப்டெம்பரில் கட்டுக்கரை சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அச்சட்டத்தில் சரணாலயம் என்பது தனியார் காணியையும் உள்ளடக்கக்கூடிய, மக்கள் தொழில் தொடரக்கூடிய வகுப்பு. பறவையைச் சுடுவதை அது தடுக்கும். நீர்மட்டத்தைப் பற்றி அதற்குப் பேச்சில்லை. ஆழமற்ற இந்தக் குளத்தில் பறவைக்கு உயிராக இருப்பது நீர்மட்டமே. ஓரிரு அடி கூடினால் கரையோரச் சேறு மறைகிறது, குறைந்தால் ஆம்பலும் கோரையும் காய்கின்றன. ஆக, வாத்தும் நாரையும் ஒரு திணைக்களத்திடம், அவை நிற்கும் நீர் இன்னொரு திணைக்களத்திடம். பிறகும் பிரிவினை நிற்கவில்லை. 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் வட்டவிதானைப் பதவியை ஒழித்துப் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. 80 ஹெக்டேயருக்குட்பட்ட வயலுக்குப் பாயும் சிறுகுளங்கள் கமநலத்துறையின் பொறுப்பாயின. 1987இல் வந்த 13ஆம் திருத்தம் மாகாணங்களுக்கிடையே ஓடும் ஆற்றின் நீரை மத்தியிடமே விட்டது. அருவியாறு அநுராதபுரத்தைக் கடந்து வருவதால் கட்டுக்கரையும் மத்திய திணைக்களத்திடமே நின்றது. அதன் கீழுள்ள சிறுகுளங்களுக்கோ வேறு அதிகாரம். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய நீருயிர்ச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபையிடம் உள்நாட்டு மீன்பிடி போனது.

இந்த வரிசையின் கடைசியில் வங்காலை வருகிறது. 4,839 ஹெக்டேயர் பரப்புள்ள இந்தச் சேற்றுவெளியும் உவர்ச்சதுப்பும் 2008 செப்டெம்பர் 8இல் சரணாலயமாயின. 2010 ஜூலையில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. மன்னார் போரின் வாயிலிருந்து அப்போதுதான் வெளிவந்திருந்தது. சுற்றூர் மக்கள் பலர் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் சரணாலய வர்த்தமானி வெளியானது. தேர்வைக் குறைசொல்ல இடமில்லை. மத்திய ஆசியாவிலிருந்து வரும் பறவைப் பாதையின் தென்முனைகளில் ஒன்று இது. பூநாரைக் கூட்டமும் ஊசிவால் வாத்தும் மாரியில் வந்திறங்குவதைப் பெருந்தெருவில் நின்றே காணலாம். ஆனால் கடல்நீரும் நன்னீரும் கலக்கும் அளவைப் பொறுத்தே அங்கே இரை விளைகிறது. நன்னீரின் பெரும்பகுதி மேட்டுநில வயல்களிலிருந்தும் குளங்களின் வான்களிலிருந்தும் வடிவது. எல்லைக்கோடு சேற்றைச் சுற்றி வரையப்பட்டது. சேற்றை நனைக்கும் நீர் கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டது.

மன்னார்த் தீவில் நிலைமை இன்னும் விசித்திரம். சிறுகுளத்தை வயலின் பரப்பைக் கொண்டு வரையறுக்கும் நிர்வாகத்துக்கு, நெல் விளையாத தீவின் நீர்நிலை குளமாகவே தெரியாது. மழைநீர் தங்கி மணலுக்குள் இறங்கும் பள்ளம் காணிப் பதிவில் வெறும் தாழ்நிலம். தாழ்நிலம் என்றால் நிரப்பலாம். 2020 டிசம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலை நிலையம் 30 விசையாழிகளுடன் தென்கரையோரம் நீள்கிறது. அதற்கு வெட்டிய வீதிகள் வெள்ளம் வடியும் பாதையை மறித்தன என்பது 2025இல் மன்னாரில் நடந்த போராட்டங்களின் முறைப்பாடுகளுள் ஒன்று. வெள்ளத்தில் எவ்வளவு பங்கு வீதிக்கு, எவ்வளவு மழைக்கு என்பதைத் தனியே அளக்கவேண்டும். அளப்பதற்கு முதலில் தீவின் வடிகாலும் பள்ளமும் ஒரு நீர்நிலைத் தொகுதியாக யாருடைய பொறுப்பிலாவது இருக்கவேண்டுமே! பொறுப்பு வர்த்தமானியில் ஏறிவிட்டாலும் அது நிலைக்கும் என்றில்லை. 2016இல் இயற்கை ஒதுக்கமாகப் பிரகடனமான விடத்தல்தீவிலிருந்து 168 ஹெக்டேயரை நீருயிர் வளர்ப்புக்காக விடுவிக்க 2024இல் வர்த்தமானி வந்தது. உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தவேண்டியிருந்தது.

இந்தப் பிரிவினைக்கு ஒரு நியாயம் சொல்லப்படுவதுண்டு. துருசு பார்ப்பவர் பறவை எண்ணத் தேவையில்லை. பலரும் கைவைத்தால் எவரும் பொறுப்பேற்கமாட்டார். தொழிற்றேர்ச்சி பற்றிய வாதம் என்ற அளவில் இதை ஏற்கலாம். ஆனால் பொறுப்புத் தெளிவாகும் என்ற வாதத்தை மன்னாரின் அனுபவம் ஆதரிக்கவில்லை. ஒவ்வொரு திணைக்களமும் தன் கடமையைச் சரிவரச் செய்தாலும் வங்காலைக்கு எவ்வளவு நன்னீர் போகவேண்டும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவர் இல்லை. தனித்தனிக் கடமைகள் எத்தனை இருந்தாலும் அவற்றின் கூட்டுத்தொகையில் இந்தக் கேள்வி அடங்குவதில்லை. அதற்காக எல்லாவற்றையும் விழுங்கும் புதிய அதிகாரசபை ஒன்றைக் கேட்பதும் வேண்டாத வேலை. ஏற்கெனவே உள்ள பட்டியலில் அது இன்னொரு பெயராகவே முடியும். 1946ஆம் ஆண்டு நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டத்தின் வழி அரசாங்க அதிபர் கூட்டும் பயிர்ச்செய்கைக் கூட்டம் கையிலேயே இருக்கிறது. காலபோகத்துக்கு எந்த நாளில் துருசு திறப்பது, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர், எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு என்று அங்கே தீர்மானிப்பது சட்டப்படி கட்டுப்படுத்தும். குடிநீர்ச் சபையும் வனசீவராசிகள் திணைக்களமும் கால்நடை வளர்ப்போரும் நன்னீர் மீனவரும் நகரசபையும் அந்தக் கூட்டத்தில் வாக்கோடு அமர்ந்தால் பிரிந்த கூறுகள் முதன்முறையாக ஒரே மேசைக்கு வரும். 1856இல் வயற்காரருக்கு மட்டும் திறந்த கதவு அது.

விவசாயிகளின் ஆட்சேபம் இதைவிடக் கனமானது. போரில் கட்டும் வாய்க்காலும் சிதைந்து, ஊர்விட்டுப் போய்த் திரும்பி வந்தவர்களிடம், உங்கள் நீரில் பறவைக்கும் நகரத்துக்கும் பங்கு வையுங்கள் என்று சொல்வது எப்படி நீதியாகும்? வயற்காரரின் முன்னுரிமையை நான் மறுக்கவில்லை. சிறுபோகத்தில் குளம் தாங்குமளவுக்கே ஏக்கரைக் குறைத்துப் பங்கிடும் பழக்கமுள்ளவர்கள் அவர்கள். பற்றாக்குறையைக் கையாளும் அறிவு எந்தத் திணைக்களத்தைவிடவும் அவர்களிடம்தான் உண்டு. பங்கு என்றவுடன் வயலின் வாயிலிருந்து பிடுங்குவது என்றும் பொருளில்லை. வங்காலைக்குப் போவதில் பெரும்பகுதி வயலில் பாய்ந்து வடிந்த நீர். முருங்கன் கிணறுகளுக்கு ஊறுவதும் வயலின் வழியேதான். வயல் வாடினால் இவை இரண்டும் வாடும். உண்மையான மோதல் இரண்டு இடங்களில்: கோடையின் கடைசியில் குளத்தடியில் எஞ்சும் நீரை இறைத்தெடுப்பதிலும், அலைகரையில் பயிரா மேய்ச்சல் தரவையா என்பதிலும். இவ்விரண்டையும் இன்று தீர்ப்பது பெரும்பாலும் யார் முந்துகிறார் என்பதே.

மன்னாரின் எல்லைக்குள் அடங்காத ஒரு கேள்வி எஞ்சுகிறது. சிங்களத்தில் மல்வத்து ஓயா எனப்படும் அருவியாறு 164 கிலோமீற்றர் ஓடி வருகிறது. அநுராதபுர நகரத்தின் கழிவும் அங்கத்தைய வயல்களின் உரமும் தேக்கத்துக்கு வந்துதான் சேரும். தந்திரிமலைக்கருகே திட்டமிடப்பட்டுள்ள கீழ் மல்வத்து ஓயா நீர்த்தேக்கம் எழுந்தால் வெள்ளத்தின் அளவையும் காலத்தையும் மேலே இருப்பவர் தீர்மானிப்பார். சிறுபோக ஏக்கர் கூடும் என்ற வாக்குறுதி பொய்யென்று சொல்ல முடியாது. ஆனால் மாரி வெள்ளம் கட்டுக்கரையை நிரப்பி, வான் பாய்ந்து, தரவையைக் கழுவி, வங்காலைக்கு வண்டல் கொண்டுபோகும் அந்தச் சில வாரங்கள் எந்த ஏக்கர்க் கணக்கிலும் இல்லை. நீர்த்தேக்கத்தின் திறப்பு ஒழுங்குவிதி எழுதப்படும்போது வெள்ளத்துக்கும் ஒரு பங்கு அதில் எண்ணாக இடம்பெறவேண்டும். அதைக் கேட்கும் உரித்து மன்னார்ப் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குச் சட்டப்படி கொடுக்கப்படவேண்டும்.