குற்றாலத் தாவரப் பதிவுகளும் டார்வின் கோர் தரமும்

டார்வின் கோர் என்பது உயிரினப் பதிவுகளை எல்லா நாட்டாரும் ஒரே முறையில் எழுதிப் பகிர்வதற்கான தரம். டி.டி.டபிள்யூ.ஜி. என்னும் பன்னாட்டு அமைப்பு 2009-இல் இதை ஏற்றது. எந்த உயிரினம், எங்கே, எப்போது, யாரால் பதிவானது என்பவற்றுக்கு நிலையான தலைப்புகளை இது வகுத்துள்ளது. இதன் தேவையைத் தென்காசி வட்டாரத் தாவர மாதிரிகளே நன்கு காட்டும்.

தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1830-களின் நடுவில் பாளையங்கோட்டையில் பணியில் இருந்தபோது குற்றாலத்தில் செடிகளைச் சேகரித்தார். அவருடைய உபரி மாதிரிகளை லண்டன் கியூ தாவரவியல் பூங்கா 1866-67-இல் பல ஹெர்பேரியங்களுக்கு (உலர்தாவரக் காப்பகங்களுக்கு) அனுப்பியது. ஒட்டிய சீட்டில் அச்சாகியிருந்தது இந்தியத் தீபகற்பம் என்று பொருள்படும் லத்தீன் தொடர். அதிலிருந்த எண்ணும் இனத்துக்கு இட்டது, சேகரிப்புக்கு இட்டதன்று. குற்றாலத்தில் பறித்ததும் வேறொரு மலையில் பறித்ததும் ஒரே எண்ணில் கலந்துபோக இது வழிவிட்டது.

ஊர்ப்பெயர் இருந்தாலும் சிக்கல் தீராது. குற்றாலத்தைப் பேச்சில் குத்தாலம் என்போம். மயிலாடுதுறைப் பக்கம் இன்னொரு குத்தாலம் இருக்கிறது. பழைய சீட்டில் குற்றாலத்துக்குத் திருநெல்வேலி மாவட்டம் என்றிருப்பது 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டம். முன்பு திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த செங்கோட்டையோ 1956 நவம்பர் 1-இல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அங்கே எடுத்த பழைய மாதிரியைத் திருவிதாங்கூர்க் கட்டில்தான் தேட வேண்டியிருக்கும். டார்வின் கோரில் சீட்டில் உள்ள இடப்பெயர் எழுத்து மாறாமல் ஒரு கட்டத்தில் நிற்கும். இன்றைய மாவட்டம், அட்சரேகை, தீர்க்கரேகை, அவை எத்தனை மீட்டர் பிசகக்கூடும் என்பதெல்லாம் தனித்தனிக் கட்டங்களில் வரும்.

நாளும் அப்படித்தான். 5/7/1935 என்றிருந்தால் அது மே 7-ஆ, ஜூலை 5-ஆ? குற்றாலத்தில் மே கோடை, ஜூலை சாரல். பூக்கும் பருவத்தைப் பற்றிய முடிவே புரண்டுவிடும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 1935-07-05 என எழுதினால் ஐயத்துக்கு இடமில்லை.

இப்படி எழுதியவற்றைப் பகிரும்போது, பதிவுகள் அடங்கிய உரைக்கோப்பு, எந்தப் பத்தி எதைக் குறிக்கிறது என விளக்கும் கோப்பு, தொகுத்தவர், சேகரித்த முறை, உரிமம் ஆகியவற்றைச் சொல்லும் கோப்பு ஆகிய மூன்றும் ஒரே ஜிப்பில் செல்லும். 2001-இல் தொடங்கிய ஜிபிஐஎஃப் என்னும் பன்னாட்டு உயிரினத் தரவு வலையமைப்பு இத்தகைய பொதிகளைத் திரட்டுகிறது. தென்காசிக் குளங்களில் பறவை பார்ப்போர் இ-பேர்ட் இணையதளத்தில் இடும் பதிவுகளும் அங்கே போய்ச் சேர்கின்றன.

அரிய ஆர்க்கிட் நிற்கும் இடத்தைத் துல்லியமாக வெளியிட்டால் பறிப்பவர்களுக்கு வழிகாட்டியதாகிவிடும். அத்தகைய பதிவில் ஆயத்தொலைவுகளை வேண்டுமென்றே மழுக்கி, மழுக்கியதையும் குறிப்பிட இத்தரத்தில் தனித் தலைப்பு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைத் தரவுகளை வெளியிடுவோர் அதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும்.