யார் வாக்கில் வென்றவர்?

தோழர்களே, கி.மு. 494இல் ரோமின் பிளெபியர்கள் நகரைவிட்டு வெளியேறி நின்றுதான் ட்ரிப்யூன் பதவியைப் பெற்றார்கள். அதிகாரியின் ஆணையை ட்ரிப்யூன் தடுக்கலாம். அவர்மேல் கைவைத்தவனைக் கொல்வோம் என்று மக்களே சத்தியம் செய்திருந்தார்கள். அதைவிட நமக்கு முக்கியமானது, கி.மு. 471 முதல் அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் பிளெபியர்கள் மட்டுமே என்பது. கான்சல் பதவி அப்படியல்ல. பிளெபியர் கான்சலுக்குத் தெய்வ ஒப்புதல் வேண்டும், பூசாரிகளோ பத்ரீசியர்கள். அதனால் அவர்களுக்கு வளைந்துகொடுப்பவரே வந்தார் என்று 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அண்ணல் சுட்டுகிறார். அதற்கு 4 ஆண்டு முன்புதான் பூனா ஒப்பந்தம் நம் தனி வாக்காளர் தொகுதியைப் பறித்திருந்தது; இடங்கள் கூடின என்பது உண்மைதான். இன்று புதுச்சேரிச் சட்டமன்றத்தின் 30 தொகுதிகளில் ஏம்பலம், நெட்டப்பாக்கம் உட்பட 5 தனித்தொகுதிகள். நிற்பவர் நம்மவர், ஆனால் ஊர்த்தெரு வாக்கும் சேர்ந்தால்தான் வெற்றி. சேரிக்குக் கொடுமை நேரும்போது அவர் யாருக்குக் கணக்குச் சொல்வார்?