கல்லோடு வந்த செம்மணி

சமுத்திர ஜலத்தைக் கண்ணாடிப் பெட்டியில் நிறுத்தி, அதிலே மீனையும் பவளத்தையும் வாழவைத்துப் பார்க்கும் பழக்கம் தோன்றி இன்னும் இருநூறு வருஷம் நிறையவில்லை. அதற்குள்ளாகவே, வெகு பிரயாசைப்பட்டு அழைத்துவரப்பட்ட செந்நிறக் கடற்பாசி, இடுக்கி கொண்டு விரட்டப்படும் நிலைக்கு வந்துவிட்டது.

என் நண்பர் ஒருவர் வீட்டுக் கூடத்திலே அத்தகைய தொட்டி ஒன்று உண்டு. கடைக்காரர்கள் ‘லைவ் ராக்’ என்று சொல்லும் உயிர்க்கல் ஒன்றை வாங்கி அதில் இட்ட சில வாரங்களுக்கெல்லாம், கல்லின் இடுக்கிலிருந்து குன்றிமணி அளவில் ஒரு சிவந்த குமிழ் எட்டிப் பார்த்தது. பவளம் குட்டி போட்டுவிட்டது என்று எண்ணி வீட்டாரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தபோது, மெல்லிய காம்பும், காம்பிலிருந்து பிரியும் கிளையும், கிளை நுனிதோறும் வழுவழுப்பான கூழ் நிரம்பி விளக்கொளியில் மின்னும் மணியும் தெரிந்தன. அது பவளமல்ல, செந்நிறக் கடற்பாசி. பச்சை நிறத்தில் வரும் வலோனியா என்ற இன்னொரு பாசியின் குமிழோ வெளிப்படையான காம்பில்லாமல் கல்லை ஒட்டிக் கிடப்பது. அதன் மணி ஒவ்வொன்றும் ஒரே உயிரணு. இந்தச் சிவப்பு மணியோ பல உயிரணுக்கள் கூடிக் கட்டிய சுவர். 1931இல் ஸ்வீடன் தேசத்துத் தாவர சாஸ்திரி ஹரால்ட் கைலின் இதன் பேரினத்துக்கு இட்ட போட்ரியோகிளாடியா என்ற பெயருக்கு, கிரேக்க மொழியில் திராட்சைக் குலையும் கிளையும் சேர்ந்த பொருள். பெயர் வைக்கத் தெரிந்தவர்தாம்.

இனி, பழைய கதை. 1846இல் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள டார்க்கீயிலிருந்து, அன்னா தைன் என்ற மாது சில கற்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுசென்றார். வழியில் அவை ஜாடியில் உருண்டு சேதப்படாதபடி, ஊசி நூலால் ஒரு கடற்பஞ்சிலே அவற்றைத் தைத்துவைத்தார் என்பது அந்த அம்மையாரின் கைப்பாங்குக்குச் சாட்சி. கடலோ தூரம், ஜலமோ நாளடைவில் உயிர்ப்பை இழக்கும். ஆகவே திறந்த ஜன்னலருகே நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு, நம் வீடுகளில் காபி ஆற்றுகிற பாவனையில், அந்த உப்புத் தண்ணீரைத் தினந்தோறும் நெடுநேரம் ஆற்றும் வேலை பணிப்பெண்ணுக்கு வாய்த்தது. மறுவருஷம் அந்த ஜாடியிலே கடற்பாசி சேர்ந்த பிறகுதான் அவள் கைக்கு ஓய்வு கிடைத்திருக்கவேண்டும். பிராணவாயு தரும் உத்தியோகத்தைப் பாசி ஏற்றுக்கொண்டது.

அதே உண்மையை ரசாயன முறைப்படி நிலைநாட்டியவர் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன சாஸ்திரி. 1850இல் அவர் வெளியிட்ட பரிசோதனையிலே, தங்கமீனும் நீர்ச்செடியும் மட்டும் இருந்தவரை அழுகிய இலையும் பச்சைச் சளியும் தொட்டியைக் கெடுத்தன. குளத்து நத்தைகளை விட்டதும், அவை அந்த அழுக்கையே ஆகாரமாகக் கொண்டு ஜலத்தைத் தெளிவித்தன. பாசியைத் தின்னப் பிராணி வளர்க்கும் உபாயம், தொட்டி பிறந்தபோதே உடன் பிறந்தது என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் ஜனங்களை மயக்கியது பச்சை அல்ல, சிவப்பு. 1853இல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் மண்டபம் திறக்கப்பட்டது. 1854இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய ‘அக்வேரியம்’ என்ற நூல் அந்தப் பெயரை நாட்டுக்கே பொதுவாக்கியது. கடற்பாசிக்கு மரஞ்செடிகளைப் போல வேர் கிடையாது. கல்லைப் பற்றும் பிடிப்பு மட்டும் உண்டு. அதைப் பிய்த்தெடுத்தால் அழுகிவிடுமாதலால், சுத்தியலும் உளியும் எடுத்துச் சென்று, பாறைச் சில்லோடு பெயர்த்துக் கொண்டுவரவேண்டும் என்று காஸ் உபதேசித்தார். உபதேசத்தைக் கேட்டவர்கள் அளவுக்குமீறிக் கேட்டுவிட்டார்கள். கரையோரச் சுனைகள் சூறையாடப்பட்ட துயரத்தை அவர் மகன் எட்மண்ட் 1907இல் எழுதிய சுயசரிதத்தில் காணலாம்.

வெளிச்சம் மிகுந்த தொட்டிகளிலே ஜலமே பச்சையாகிப்போகும் தொல்லைக்கு, வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட் என்ற வியாபாரி பரிகாரம் கண்டார். 1871இல் திறந்த லண்டன் கிரிஸ்டல் பாலஸ் மீன் காட்சிசாலையில், காட்சித் தொட்டிகளைவிடப் பன்மடங்கு பெரிய நீர்த்தேக்கத்தை இருளிலே அமைத்து, இடைவிடாமல் ஜலத்தைச் சுழலவிட்டார். இருட்டு பச்சையை அடக்கும். சிவப்பையோ அவ்வளவு எளிதில் அடக்காது. ஆழத்தில் எட்டும் நீல, பச்சை ஒளியைப் பற்றிக்கொள்ளும் நிறமி அதற்கு இருப்பதால், மங்கலிலும் அது சௌக்கியமாக வாழும்.

காஸ் உளியால் பெயர்த்த சில்லு, ஒரு நூற்றாண்டு கழித்து வேறு வேஷத்தில் திரும்பி வந்தது. இந்தோனேசியாவின் லீ சின் எங், இயந்திரங்களை நம்பாமல் உயிருள்ள பாறையையே தொட்டியில் இட்டுப் பவளம் வளர்த்த முறையை 1961இல் எழுதி வெளியிட்டார். அதன்பின் உலகெங்கும் கல்லுக்காகவே கல் வாங்கப்பட்டது. அதன் துளைகளில் ஒளிந்து குமிழ்ப் பாசியும் வந்தது. முன்பு பாசிக்காகக் கல், இப்போது கல்லோடு பாசி.

நண்பர் தொட்டியில் இரண்டு மாதத்துக்குள் பவளங்களுக்கிடையே கொத்துக் கொத்தாக அது மண்டியது. மீனுக்கு இடும் இரையின் மிச்சம் நைட்ரேட்டும் பாஸ்பேட்டுமாக மாறி அதற்கு உரமாவதை நிறுத்தாமல், எதைப் பிடுங்கினாலும் பிரயோஜனமில்லை. பச்சைக் குமிழைத் தின்னும் மரகத நண்டு சிவப்பையும் தின்னும் என்று நம்பி ஒன்றை வாங்கிவிட்டார். அதுவோ பவளத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டது. பின்பு இரையைக் குறைத்தார், தண்ணீரை வாரந்தோறும் மாற்றினார், கல்லை வாளிக்கு எடுத்து, குமிழ் உடையாமல், பிடிப்போடு ஒவ்வொன்றாக இடுக்கியால் கழற்றினார். உடைந்த துணுக்கு தொட்டியிலே மிதந்து வேறிடத்தில் பற்றிவிடலாம் என்ற பயம் அவருக்கு.

கடைசிக் கொத்தை எறிய மனம் வரவில்லை. சில்லோடு பெயர்த்து, ஊறுகாய் பாட்டிலொன்றில் கடல்நீர் நிரப்பி, வெயில் படாத ஜன்னலோரத்தில் வைத்திருக்கிறார். மோட்டார் கிடையாது. காலையில் இரண்டு தம்ளர்களை எடுத்துக்கொண்டு அந்த ஜலத்தை ஆற்றுகிறார். சமையலறை வாசலில் நின்று அவர் மனைவி சிரிக்கிறார்.